நார்ஃபோக்கிலிருந்து செயின்ட் அகஸ்டின் வரை படகில்: நான்கு பேர், ஒரு நாய், 12 நாள் போதுமா?

ரிச்மண்ட்_ராசா

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நான்கு பேர் கல்லூரிக் காலத்திலிருந்து நண்பர்கள், இப்போது எல்லோரும் வர்ஜீனியாவில்தான் இருக்கிறோம். எங்களில் ஒருவன் போன வருடம் பழைய டிராலர் படகு ஒன்று வாங்கினான். 36 அடி, ஒற்றை டீசல் எஞ்சின், தண்ணீருக்குக் கீழே 4 அடி இறங்கும், 7 நாட் வேகத்துக்கு மேல் போகாது. அக்டோபர் 15 வாக்கில் நார்ஃபோக்கில் கிளம்பி ஐ.சி.டபிள்யூ, அதாவது அமெரிக்கக் கிழக்குக் கரையோரமாகவே போகிற உள்நாட்டு நீர்ப்பாதை வழியாக ஃப்ளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் வரை போவது திட்டம். எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்கிற விடுப்பு 12 நாள்.

கூட வருவது என் நாய் மணி. லாப்ரடார் கலப்பு, ஆறு வயது, 31 கிலோ. காப்பகத்திலிருந்து எடுத்து வளர்த்தவன். வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், நாய் விடுதியில் விட்டால் சாப்பிடமாட்டான், அதனால் கூட்டிப்போவது என்று முடிவு செய்துவிட்டேன். பிரச்சினை என்னவென்றால் அவன் புல்லையோ மண்ணையோ பார்க்காமல் ஒண்ணுக்குப் போகமாட்டான். செசபீக்கில் ஒரு முறை காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து வரை அடக்கிக்கொண்டே படுத்திருந்தான், எனக்கு மனசே கேட்கவில்லை.

நண்பர்களில் ஒருவன் நாயை விட்டுவிட்டு வா என்கிறான். இந்த வழியில் நாயோடு போனவர்கள் யாராவது இருந்தால் எத்தனை நாள் வேண்டும், எங்கெங்கே கரை ஏற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.

வெளிக்கடல்

தம்பி, நார்ஃபோக்கிலிருந்து எண்ணினால் செயின்ட் அகஸ்டின் 778-வது மைல். 12 நாளில் என்றால் நாளொன்றுக்கு 65 மைல். இந்த நீர்ப்பாதையின் மைல் எல்லாம் தரை மைல்தான், அதனால் உங்கள் 7 நாட் மணிக்கு 8 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர ஓட்டம், பாலத்துக்கும் பூட்டுமடைக்கும் (படகை ஏற்றி இறக்குகிற மதகு) காத்திருப்பது தனி. செய்யலாம், ஆனால் சுற்றிப்பார்க்க எதுவும் மிஞ்சாது.

என் யோசனை: தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் வரை உள்ளே வாருங்கள், அங்கே நல்ல வானிலை வரும்வரை காத்திருந்து வெளிக்கடலில் இறங்கி நேராக ஃப்ளோரிடாவின் ஃபெர்னான்டினா முகத்துவாரத்தில் ஏறிவிடுங்கள். சுமார் 150 கடல் மைல், ஒரு பகல் ஒரு இரவு. ஜார்ஜியாவின் சேறு, வளைவு, ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) எல்லாம் ஒரே தாவலில் போய்விடும். நான் மூன்று முறை அப்படித்தான் போயிருக்கிறேன். நாய்க்கு ஒரு ராத்திரி கஷ்டம், அவ்வளவுதான்.

உப்புக்காற்று

ராசா தம்பி, நான் என் நாய் செவலையோடு இந்த வழியில் இரண்டு முறை தெற்கே போய் இரண்டு முறை வடக்கே திரும்பியிருக்கிறேன். செவலைக்கு இப்போது 12 வயது, இதை எழுதும்போது காலடியில் தூங்குகிறாள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

12 நாள் வேண்டாம். நாயோடு என்றால் ஒரு நாளைக்கு 40 மைல், நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு, ஆக நான்கு வாரம். அவ்வளவு விடுப்பு இல்லை என்றால் தூரத்தைக் குறையுங்கள். நான்கு பேரும் முழு வழியும் வரவேண்டும் என்பதில்லை. இரண்டு பேர் சார்ல்ஸ்டன் வரை வந்து விமானத்தில் திரும்பட்டும், அது 469-வது மைல், அதுவே பெரிய பயணம். இன்னொன்று, காப்பீட்டு ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நவம்பர் 1-க்கு முன் ஃப்ளோரிடாவுக்குள் படகு இருக்கக்கூடாது என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். வேகமாகப் போய் என்ன செய்யப்போகிறீர்கள்?

முதல் நாளே இரண்டு வழி பிரியும். ஒன்று வர்ஜீனியா கட், பெரிய படகுகள் போகிற வழி. இன்னொன்று டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். உங்கள் 4 அடிக்கு, கால்வாய் திறந்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைச் சொல்வேன். நாய்க்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. டீப் கிரீக் பூட்டுமடையில் எட்டடி மேலே தூக்குவார்கள், 22 மைல் நேர்க்கோடு போல் கால்வாய், சவுத் மில்ஸில் திரும்ப இறக்குவார்கள். தண்ணீர் கருப்பட்டிக் காபி நிறத்தில் இருக்கும், அழுக்கு இல்லை, மரங்களின் சாறு இறங்கிய நிறம். 1793-ல் வெட்டத் தொடங்கி 1805-ல் திறந்த கால்வாய் அது, பெரும்பாலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் அந்தச் சதுப்பில் இடுப்பளவு நீரில் நின்று கையால் வெட்டியது. தப்பி ஓடியவர்கள் அதே காட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்ந்திருக்கிறார்கள். அந்த அமைதியில் போகும்போது அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 28-வது மைலில் வரவேற்பு மையத்தின் படகுத்துறை இருக்கிறது, இடமில்லை என்றால் ஒரு படகோடு இன்னொன்றை அணைத்துக் கட்டிக்கொள்வார்கள். எதிரே மாநிலப் பூங்கா. நாயைச் சங்கிலியில் பிடித்து மணிக்கணக்கில் நடக்கலாம்.

எலிசபெத் சிட்டி தாண்டினால் அல்பமார்ல் சவுண்ட். அகலமான, ஆழமில்லாத ஏரி மாதிரி. அங்கே நிலவின் ஓதம் கிடையாது, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் ஏறும். ஆழம் குறைவு என்பதால் 15 நாட் காற்றுக்கே அலை குட்டையாகச் செங்குத்தாக எழும்பி அடிக்கும். நாய் வாந்தி எடுக்கும் இடம் இதுதான், காற்று தணியும்வரை எலிசபெத் சிட்டியிலேயே இருங்கள். அப்புறம் அலிகேட்டர் ஆறு, அலிகேட்டர்–பங்கோ கால்வாய். கரை முழுக்கச் சதுப்பும் மரக்கட்டையும், நாயை இறக்க இடமே இல்லாத இரண்டு நாள். கரடியும் உண்டு. இந்த இடத்துக்கு வருவதற்குள் மணி படகிலேயே போகப் பழகியிருக்க வேண்டும். அதன் பிறகு பெல்ஹேவன், ஓரியன்டல், போஃபர்ட் எல்லாம் சின்ன ஊர்கள், துறையில் கட்டிவிட்டுத் தெருவில் நடக்கலாம். வட கரோலினாவின் ஊருக்குப் போஃபர்ட் என்றும் தென் கரோலினாவில் அதே எழுத்தில் இருக்கிற ஊருக்குப் பியூஃபர்ட் என்றும் சொல்லவேண்டும், வானொலியில் மாற்றிச் சொன்னால் குழப்பம்.

இப்போது ஜார்ஜியா. வெளிக்கடல் அண்ணன் தாவச் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த வழி முழுவதிலும் அழகான இடம் அதுதான். இருபுறமும் பொன்னிறப் புல், நடுவில் நீங்கள் மட்டும், சில நாள் வேறு படகே கண்ணில் படாது. ஆனால் ஓதம் 7 முதல் 9 அடி. அந்தக் கடற்கரை உள்பக்கம் குழிந்திருப்பதால் கடல்நீர் அங்கே வந்து குவிகிறது. நாயை வைத்திருப்பவர்கள் இதைத்தான் கணக்குப் போடவேண்டும். ஒரு தாழ் ஓதத்துக்கும் அடுத்த தாழ் ஓதத்துக்கும் 12 மணி 25 நிமிடம். காலை ஆறரைக்கு வற்றினால் மாலை ஏழுக்கும் வற்றும். அதாவது மணியைக் கரை ஏற்றுகிற இரண்டு வேளையும் உங்களுக்கும் கரைக்கும் நடுவே இருபதடிச் சேறு. ஒரு வாரம் பொறுத்தால் அது அப்படியே திரும்பி, இரண்டு வேளையும் தண்ணீர் புல்விளிம்பு வரை வந்து நிற்கும். ஆகவே எந்தத் தேதியில் சவானாவைத் தாண்டுகிறோம் என்பதை ஓத அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காலை ஏழரை, எட்டு மணிக்கு உயர் ஓதம் வருகிற வாரமாகப் பாருங்கள். அதற்காகத்தான் நாள் கையில் வேண்டும் என்கிறேன்.

மரக்காணம்_பையன்

அக்கா, நான் அந்தப் பக்கம் வந்ததில்லை. அப்பா மீன்பிடித் தொழில், நான் இப்போது கப்பலில் வேலை. படித்ததும் ஒரு சந்தேகம்.

காலை எட்டு மணிக்கு ஏத்தம் (தண்ணீர் ஏறுவது) முடிகிறது என்றால் அதற்குப் பிறகு நீங்கள் ஓடுவது முழுக்க வத்தத்தில் (தண்ணீர் இறங்குவதில்). வத்தத்தில் தரைதட்டினால் தண்ணீர் உங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், அடுத்த ஏத்தம் வரை சாய்ந்து கிடக்க வேண்டியதுதான். ஏத்தத்தில் தட்டினால் அரைமணியில் அதுவே தூக்கிவிடும். ஆழம் தெரியாத ஓடையில் ஏறுகிற தண்ணீரில்தான் நுழையவேண்டும் என்று எங்கள் வீட்டில் சின்ன வயசிலேயே சொல்லிவிடுவார்கள். எங்கள் பக்கம் ஓதமே மூன்றடிதான், அதற்கே இப்படி. ஒன்பதடி என்றால்?

அப்புறம் நங்கூரக் கயிறு. பத்தடி ஆழத்தில் தாழ் ஓதத்தில் போடுகிறீர்கள் என்றால் எட்டடி ஏறப்போகிறது, அணியம் (படகின் முன்பக்கம்) தண்ணீருக்கு மேல் நான்கடி. ஆக 22 அடிக்குக் கணக்கு. சங்கிலி என்றால் அதுபோல் ஐந்து மடங்கு 110 அடி, கயிறு என்றால் ஏழு மடங்கு 154 அடி விடவேண்டும். பத்தடியை மட்டும் பார்த்து 50 அடி விட்டால் நடுராத்திரியில் இழுத்துக்கொண்டு போகும். நீவாடு (நீரோட்டம்) ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பும்போது படகும் திரும்பும், அதற்கும் சுற்றிலும் இடம் விடுங்கள்.

இந்த மாதிரி கடலுக்குள் இறங்காமல் கரையோரமாகவே போகிற நீர்வழி என்றதும் எனக்குப் பக்கிங்காம் கால்வாய்தான் ஞாபகம் வந்தது. 1806-ல் சென்னைக்கு வடக்கே தொடங்கி, 1877-78 பஞ்சத்தில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து, எங்கள் ஊர் வரை வந்த கால்வாய். உப்பும் விறகும் தோணியில் போனதைத் தாத்தா பார்த்திருக்கிறார். இப்போது பல இடத்தில் சாக்கடை. உங்கள் பக்கம் 65 அடி உயரத்துக்குப் பாலம் கட்டி, 12 அடி ஆழம் என்று சட்டத்தில் எழுதிவைத்து வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று படிக்கும்போது ஏக்கமாக இருக்கிறது.

உப்புக்காற்று

தம்பி, நல்ல கேள்வி. நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, நாய்க்கு ஏற்ற ஓதமும் படகுக்கு ஏற்ற ஓதமும் அங்கே மோதுகின்றன. நான் செய்தது இது. தண்ணீர் ஒரே வேகத்தில் இறங்காது. முதல் மணியில் 12-ல் ஒரு பங்கு, இரண்டாவது மணியில் 2 பங்கு, மூன்றாவதில்தான் 3. ஆக உச்சத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் கால் பங்குதான் போயிருக்கும், எட்டடி ஓதத்தில் இரண்டடி. ஏழரைக்கு உச்சம் என்றால் ஆறரைக்கு நாயைக் கரை ஏற்றி, ஏழுக்கு ஏறுகிற தண்ணீரிலேயே நங்கூரம் தூக்கி, ஹெல் கேட், லிட்டில் மட் ஆறு மாதிரி ஆழமில்லாத இடங்களை ஒன்பது ஒன்பதரைக்குள் தாண்டிவிடவேண்டும். அதற்கு முந்தின இரவே அந்த இடத்துக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டிருக்க வேண்டும். பிற்பகல் ஒன்றுக்குள் நிறுத்திவிட வேண்டும். நாள் சிறியதாக இருந்தால்தான் இது நடக்கும், 65 மைல் ஓடினால் ஏதாவது ஒரு மேட்டைத் தாழ் ஓதத்தில் கடந்தே ஆகவேண்டும்.

12 அடி என்பது ஏட்டில் தம்பி. நார்ஃபோக்கிலிருந்து ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி, அதற்குத் தெற்கே மயாமி வரை 10 அடி என்று ராணுவப் பொறியாளர் படை பராமரிக்க வேண்டிய வழிதான். தூர்வாரப் பணம் வருகிற வருடம் வாருவார்கள். முகத்துவாரங்கள் குறுக்கே வருகிற இடமெல்லாம் மணல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ரிச்மண்ட்_ராசா

அக்கா, தம்பி, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. நண்பர்களுக்கு அனுப்பிவிட்டேன். மூன்று கேள்வி. மணியைப் படகிலேயே போகப் பழக்குவது எப்படி? முதலை உண்மையிலேயே ஆபத்தா? அப்புறம், ஜார்ஜியாவில் கணக்குத் தவறிவிட்டால் என்ன ஆகும்?

நாய்_வைத்தியர்

நான் ஃப்ளோரிடாவில் கால்நடை மருத்துவர். முதலையிலிருந்து தொடங்குகிறேன். வட கரோலினாவின் அலிகேட்டர் ஆறுதான் ஏறத்தாழ அவற்றின் வடக்கு எல்லை, தெற்கே போகப்போக அதிகம். உவர்நீரில் குறைவு, நன்னீர் ஆற்றில் அதிகம். தென் கரோலினாவின் வக்கமா ஆறு, சைப்ரஸ் மரங்கள் தண்ணீரில் நிற்கும் அழகான இடம், அங்கே நாயைத் தண்ணீரில் இறக்கவே இறக்காதீர்கள். விடிகாலையும் அந்தியும்தான் அவை இரை தேடுகிற நேரம், நீங்களும் அதே நேரத்தில்தான் கரை ஏறுவீர்கள். ஓரத்தைத் தடியால் தட்டிப் பாருங்கள், சங்கிலி ஆறடிக்கு மேல் வேண்டாம்.

ஆனால் நான் பார்க்கிற படகு நாய்களுக்கு முதலையால் வந்த பாதிப்பு அரிது. வெயில், உப்புநீர், சிப்பி, சாப்பாடு, இந்த நான்கும்தான் அதிகம். வெள்ளைத் தளம் வெயிலில் பாதத்தைச் சுடும், உங்கள் உள்ளங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியவில்லை என்றால் நாயும் நடக்கக்கூடாது. கடல்நீரைக் குடித்தால் வயிற்றுப்போக்கு, அதிகமானால் வலிப்பு வரைக்கும் போகும், எனவே நல்ல தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். சிப்பி கிழித்த காயத்தை அன்றே நல்ல தண்ணீரால் நிறையக் கழுவி மருத்துவரிடம் காட்டவேண்டும். வெதுவெதுப்பான உவர்நீரில் மோசமான கிருமிகள் உண்டு. உங்கள் கையில் காயம் இருந்தாலும் அந்தச் சேற்றில் கையை விடாதீர்கள்.

சாப்பாடு விஷயத்தை நம் ஆட்களிடம் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. நான்கு நண்பர்கள், குக்கரில் சாம்பார் சாதம், மிஞ்சியதை நாய்க்கு வைப்பது என்பது நமக்குப் பழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும், வெந்தாலும் அப்படித்தான். பாயசத்தில் போடுகிற திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெறும் சோறும் உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் கொடுங்கள், பிரச்சினை இல்லை.

கிளம்புவதற்கு முன் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். இதயப்புழு கொசுவால் பரவுவது, நீங்கள் போகிற கரை முழுக்கக் கொசு, மாத மாத்திரையை ஒரு மாதமும் தவறவிடாதீர்கள். முதுகில் கைப்பிடி வைத்த மிதவைச் சட்டை கட்டாயம். லாப்ரடார் நன்றாக நீந்தும், உண்மைதான், ஆனால் நான்கடி உயரப் பக்கச்சுவரில் எந்த நாயாலும் ஏறிவர முடியாது. அந்தக் கைப்பிடியைக் கொக்கிக் கழியில் மாட்டித்தான் தூக்கவேண்டும். 31 கிலோவைத் தூக்குவதைத் துறையில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

உப்புக்காற்று

டாக்டர் சொன்ன சிப்பிக் காயம் செவலைக்கு நடந்தது. கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்று ராசா கேட்டதற்கும் அதுவே பதில்.

முதல் பயணம், நவம்பர் இரண்டாவது வாரம். சாப்பெலோ தீவுக்குப் பின்னால் ஒரு ஓடையில் நங்கூரம் போட்டோம். கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போயிருந்தது எங்களுக்கு உறைக்கவில்லை, ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. ஆறு மணிக்குத் தாழ் ஓதம். காலையில் மதியத்துக்கு முன் ஒருமுறைதான் செவலை இறங்கியிருந்தாள், அவள் அணியத்துக்கும் பின்தளத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள், நின்று என் முகத்தைப் பார்ப்பாள், திரும்ப நடப்பாள். சரி என்று ரப்பர் படகை இறக்கி நானும் தோழி ஒருத்தியும் தலைவிளக்கோடு கிளம்பினோம். கரைக்கு முப்பதடி இருக்கும்போதே சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அந்தச் சேறு எப்படி என்றால், துடுப்பை ஊன்றினால் கைப்பிடி வரை சத்தமே இல்லாமல் இறங்கும். அழுகின முட்டை வாசனை. செவலை புல்லைப் பார்த்ததும் தாவிவிட்டாள். வயிறு வரை புதைந்து, முன்னங்கால்களை மாற்றி மாற்றி அடித்து எப்படியோ ஒரு மேட்டில் ஏறினாள். ஏறினது சிப்பித் திட்டு. விளிம்பெல்லாம் பிளேடு மாதிரி நட்டமாக நிற்கும். நான் பின்னால் இறங்கித் தொடை வரை போய், படகைப் பிடித்துக்கொண்டே அவளை இழுத்தேன். விளக்கு வெளிச்சத்தில் படகின் சாம்பல் நிறத் தரையில் சிவப்பாகக் கோடு ஓடியபோதுதான் காயமே தெரிந்தது. தோழி தன் சட்டையைக் கழற்றிக் கட்டினாள். ஒன்றரை மணி நேரம், தண்ணீர் திரும்பி வந்து படகைத் தூக்கும்வரை, செவலையின் காலை மடியில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் முனகவே இல்லை. மறுநாள் பிரன்ஸ்விக்கில் நான்கு தையல்.

அன்றைக்கு 60 மைல் ஓடியிருந்தோம். கூட வந்த ஒருவருக்கு ஜாக்சன்வில்லில் விமானம், அதற்காக ஓடினோம். நாய் கேட்கத் தெரியாமல் கேட்டுக்கொண்டே இருந்தது, எங்களுக்கு மைல் கணக்குதான் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு எந்த நண்பர் வந்தாலும், எந்த ஊரில் ஏறுவது என்று கேட்டால் ஊரைச் சொல்வேன், தேதியைச் சொல்லமாட்டேன். தேதி வேண்டும் என்றால் அப்போது நான் எங்கே இருக்கிறேனோ அங்கே அவர்கள் காரில் வந்து சேரட்டும். இதை முன்னாலேயே பேசிவிட்டால் நட்பில் விரிசல் வராது.

மணியைப் படகிலேயே போகப் பழக்குவது: செயற்கைப் புல் பாய் இரண்டடிக்கு மூன்றடி வாங்குங்கள். ஒரு மூலையில் ஓட்டை போட்டு வளையம் அடித்துக் கயிறு கட்டுங்கள், அழுக்கானால் தண்ணீரில் விட்டு அலசி எடுக்கலாம். முதலில் படகுக்குக் கொண்டுபோகாதீர்கள். வீட்டுத் தோட்டத்தில் மணி வழக்கமாகப் போகிற இடத்தில் போட்டுவையுங்கள், அவன் மூத்திரத்தைத் தாளில் ஒற்றி அதில் தடவுங்கள், போகும்போது ஒரே ஒரு சொல்லைச் சொல்லுங்கள். நாங்கள் 'ஒண்ணுக்கு' என்றே சொன்னோம். போனதும் அந்த நொடியே அவனுக்குப் பிடித்த தின்பண்டம். மூன்று வாரம் ஆனபிறகு பாயைப் படகின் அணியத்துக்கு மாற்றுங்கள், துறையில் கட்டியிருக்கும்போது. முதல் தடவை போக 20 மணி நேரம்கூட ஆகலாம். திட்டாதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள், எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். இளகி ஒரு தடவை போய்விட்டால் அப்புறம் கவலையில்லை. ஆனாலும் கரை வேண்டும். ஓட, முகர, மண்ணைக் கிளற. பாய் என்பது அடக்கிக்கொண்டு தவிக்காமல் இருக்க மட்டும்.

நாயை விட்டுவிட்டு வா என்று சொன்ன நண்பரிடம் கம்பர்லாண்ட் தீவைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே போகிற பயணிகள் படகில் நாயை ஏற்றமாட்டார்கள். சொந்தப் படகில் வந்தால் மட்டும் சங்கிலியோடு இறக்கலாம். பாசி தொங்கும் ஓக் மரங்களுக்கு நடுவே அரை மைல் நடந்தால் மறுபக்கம் ஆளில்லாத கடற்கரை, காட்டுக் குதிரைகள் மேய்ந்துகொண்டிருக்கும். செவலை அந்த மணலைப் பார்த்ததும் நின்று காற்றை இழுத்து இழுத்து முகர்ந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது.

வெளிக்கடல்

செவலைக்கு நேர்ந்ததைப் படிக்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும், அதற்காகத்தான் நான் அந்தப் பகுதியைத் தவிர்க்கச் சொல்கிறேன். பாயில் நன்றாகப் பழகின நாய்க்கு அமைதியான கடலில் 25 மணி நேரம் ஒன்றுமில்லை. பழகாத நாய் என்றால் என் வழி வேண்டாம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

உள்ளே போவதென்றால் மறக்கக்கூடாத சில விஷயம். வட கரோலினாவில் கேம்ப் லெஜூன் ராணுவ முகாம் பகுதியில் மரைன் படை வீரர்கள் சுடும் பயிற்சிக்காக நீர்ப்பாதையை மூடுவார்கள், முந்தின நாளே 16-ம் அலைவரிசையில் கேட்டுக்கொள்ளுங்கள். பாலம் திறக்கச் சொல்ல வர்ஜீனியா, வட கரோலினாவில் 13, அதற்குத் தெற்கே 9. தெற்கே போகும்போது வழிகாட்டிக் குறிகளில் மஞ்சள் முக்கோணம் வலப்புறம், மஞ்சள் சதுரம் இடப்புறம், முகத்துவாரம் குறுக்கிடும் இடங்களில் சிவப்பு பச்சை மாறினாலும் மஞ்சள் மாறாது. சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே எலியட் கட் என்ற குறுகிய இடத்தில் நீவாடு 4 நாட் வரை வரும், உங்கள் 7 நாட் படகு எதிர்நீரில் நடக்கும் வேகத்துக்குத்தான் போகும். ஓதம் நிற்கிற நேரம் பார்த்து நுழையுங்கள், நாயை உள்ளே கட்டிவிடுங்கள்.

ரிச்மண்ட்_ராசா

எல்லோருக்கும் தென் கரோலினா பியூஃபர்ட்டிலிருந்து வணக்கம். 536-வது மைல். கிளம்பி 23 நாள் ஆகிறது. இரண்டு பேர் சார்ல்ஸ்டனில் இறங்கிவிட்டார்கள், இப்போது படகுக்காரனும் நானும் மணியும்.

பாய் வேலை செய்தது, ஆனால் உடனே இல்லை. வீட்டில் அழகாகப் போனவன் படகில் முதல் நான்கு நாள் அதன்மேல் படுத்துத் தூங்கினான். டிஸ்மல் ஸ்வாம்பில் கரை இருந்தது, எலிசபெத் சிட்டியில் காற்றுக்காக இரண்டு நாள் நின்றோம், அங்கேயும் கரை இருந்தது. அலிகேட்டர்–பங்கோ கால்வாயில்தான் மாட்டிக்கொண்டோம். காலை நங்கூரம் தூக்கியதிலிருந்து மதியம் இரண்டு வரை ஒன்றுமில்லை. நான் அணியத்தில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மரத்தில் இருந்த விரால் அடிப்பான் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பாய் நனைகிற சத்தம். திரும்பாமலே அந்தச் சொல்லைச் சொன்னேன், முடிக்கிறவரை அசையவில்லை. அப்புறம் அவன் வாங்கிய கோழித்துண்டுகளுக்குக் கணக்கில்லை. நாயை விட்டுவிட்டு வா என்று சொன்னவன்தான் சுக்கானை விட்டுவிட்டு ஓடிவந்து முதலில் அவனைக் கட்டிப்பிடித்தான், நான் போய்ப் படகைப் பிடிக்க வேண்டியதாயிற்று. அவன் சார்ல்ஸ்டனில் இறங்கும்போது மணியிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போனான்.

மக்லெல்லன்வில்லில் இறால் படகிலிருந்து நேராக வாங்கித் தொக்கு வைத்தோம். மணிக்கு அவிச்ச சோறு மட்டும். டாக்டர் சொன்னபடி வெங்காயம் ஒரு துணுக்கும் இல்லை. எலியட் கட்டில் நீர் நிற்கிற நேரம் பார்த்துப் போனோம், வெளிக்கடல் அண்ணனுக்கு நன்றி. ஒரு இடத்தில், பெயர் சொல்ல விரும்பவில்லை, டீசலில் தண்ணீர் கலந்திருந்து எஞ்சின் நடுவழியில் நின்றது, வடிகட்டி மாற்ற ஒரு நாள் போனது. நாள் கையில் இருந்ததால் பதற்றமில்லாமல் மாற்றினோம்.

இப்போது கேள்வி. இங்கே நாளை உயர் ஓதம் காலை ஐந்தேகாலுக்கு. நாளைக்கே கிளம்பட்டுமா, நிற்கட்டுமா?

உப்புக்காற்று

நில்லுங்கள் தம்பி. தினமும் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும், மூன்று நாளில் ஏழே முக்கால் ஆகிவிடும். சவானாவுக்குப் பக்கத்திலிருக்கிற தண்டர்போல்ட் வரை மேடு அதிகமில்லை, அதை இரண்டு நாளாகப் போனால் ஜார்ஜியா ஓடைகளுக்குள் நுழையும்போது நேரம் சரியாக இருக்கும். ஆக நாளை இங்கேயே இருங்கள், நாளை மறுநாள் கிளம்புங்கள். இங்கே ஆற்றங்கரைப் பூங்காவில் நல்ல புல் இருக்கிறது, மணியை ஓட விடமுடியாது, நீளமான கயிறு வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பெலோவுக்குப் பின்னால் எந்த ஓடையில் நங்கூரம் போடலாம், எதில் போடக்கூடாது என்று குறித்த பழைய வரைபடம் என்னிடம் இருக்கிறது, இன்றிரவு படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.